மூன்று புள்ளி பத்து

ஜூன் 12, 2025. வியாழன்

குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸ் வருவதற்குள் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அக்னி நட்சத்திரம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறதென்று யாராவது வெயிலிடம் எடுத்துச் சொன்னால் தேவலை.

எங்கள் லிஃப்ட் புரோகிராமின் 3.10 பதிப்பு இன்று வெளியே போனது. கரண்ட் போய்த் திரும்பும்போது, லிஃப்ட் தளத்தோடு சமமாக வந்து நிற்பதற்கு முன்பே எப்போதாவது கதவு திறந்துவிடும். 3.9-இல் இருந்த கோளாறு. மூன்று வாரம் மல்லுக்கட்டி அதைச் சரிசெய்தேன். தேவானந்தம் சார், "நாலு புள்ளி சைபர்னு வெச்சா கஸ்டமருக்குக் கெத்தா இருக்குமே" என்றார். விடுவேனா? புள்ளிக்கு இடப்பக்கம் பெரிய மாற்றம், வலப்பக்கம் சின்னத் திருத்தம், இது சின்னத் திருத்தம், 3.9-க்கு அடுத்தது 3.10 என்று ஒரு பாடமே நடத்திவிட்டேன். பாவம், கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் அண்ணன், மற்ற நாளில் கம்பெனியை நடத்துகிற சார். இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் அதட்டுகிறேன்.

டெக்னீஷியன்கள் எட்டுப் பேருக்கும் பென்டிரைவ் கொடுத்தாயிற்று. அவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. லிஃப்டின் போர்டில் செருகினால் போதும். போர்டு தன்னிடம் உள்ள பதிப்பு எண்ணையும் பென்டிரைவில் உள்ளதையும் ஒப்பிட்டு, வந்தது புதியது என்றால் தானே ஏற்றிக்கொள்ளும். முடிந்ததும் திரையில் பச்சை டிக். டெக்னீஷியன் சர்வீஸ் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம்.

சிட்டிபாபு வாங்கும்போதே, "இது த்ரீ பாயிண்ட் டென்னா மேடம்?" என்றார்.

"பாயிண்டுக்கு அப்புறம் டென் கிடையாது சிட்டிபாபு. த்ரீ பாயிண்ட் ஒன் ஜீரோ."

"இன்னா மேடம், ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லை."

"சரி டீச்சர்!" என்று சல்யூட் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஏழு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

ஜூன் 14, சனி

ஆஸ்டின் வாங்கி வந்த ருமானி மூன்றும் அழுகல். ரயில்வேயில் இருபது வருஷம் வேலை பார்த்த என் புருஷனுக்கு ஒரு மாம்பழத்தை முகர்ந்து பார்க்கத் தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

46 லிஃப்டுக்கும் போய்விட்டது. நாற்பத்தாறு சர்வீஸ் கார்டிலும் பச்சை டிக், 3.10, கையெழுத்து. தேவானந்தம் சார் ஆபீசுக்கே பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் ஒரு புகார்கூட இல்லை. கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 27, வெள்ளி

படப்பையில் ஒரு அபார்ட்மெண்ட். நம் லிஃப்ட். காலை பத்தரைக்கு கரண்ட் போய் வந்திருக்கிறது. வந்ததும் கதவு திறந்திருக்கிறது. லிஃப்ட் மட்டம் வரவில்லை, இரண்டடி கீழே நின்றிருக்கிறது. மூன்றாவது மாடியில் ஏறுவதற்காக நின்ற ஒரு அம்மா, கதவு திறந்ததும் பழக்கத்தில் காலை வைத்துவிட்டார்கள். இடுப்பெலும்பு முறிவு. பெயர் கிளியம்மாள். வயது ஐம்பத்தெட்டு.

இந்தக் கோளாறைத்தான் நான் சரிசெய்தேன். இதே கோளாறை.

போய்ப் பார்த்துவிட்டு வந்த தேவானந்தம் சார் போர்டின் படத்தைக் காட்டினார். அதில் இருப்பது 3.9. அங்கே 3.10 ஏற்றவே இல்லை. சர்வீஸ் கார்டில் ஏற்றியதாகக் கையெழுத்து மட்டும் இருக்கிறது. சிட்டிபாபு.

ஜூன் 28, சனி

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

சிட்டிபாபுவை வரச் சொல்லியிருந்தார்கள். வந்து நின்றார். "போட்டேன் சார். சத்தியமா போட்டேன். பச்ச டிக்கு வந்துச்சு, பாத்துட்டுதான் கையெழுத்துப் போட்டேன்" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், இவர் டீ குடிக்கப் போகிற அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சத்தியம் பண்ணுகிறாரே என்று.

"பொய் சொல்லாதே. ஏத்தியிருந்தா 3.10 இருக்கணும். போர்டு பொய் சொல்லாது, மனுஷங்கதான் சொல்லுவாங்க. உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கா?"

எட்டு வருஷமாக 'நீங்க' என்று பேசிய ஆளை எல்லோர் முன்னாலும் 'நீ' என்றேன். முப்பத்தாறு வயது மனிதர். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜூலை 1, செவ்வாய்

கிளியம்மாளின் வீட்டார் புகார் கொடுத்து எஃப்ஐஆர் போட்டாயிற்று. கவனக்குறைவால் காயம் ஏற்படுத்தியதாக. கம்பெனி விசாரித்து ஆளையும் காட்டிக் கொடுத்துவிட்டதால் சிட்டிபாபுவின் பெயர் மட்டும். வேலையிலிருந்தும் நிறுத்திவைத்துவிட்டார்கள். நியாயம்தான்.

நியாயம்தானே?

ஜூலை 3, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் மட்டும் நடக்காததாகிவிடுமா?

காலையில் ஆபீஸ் கட்டடத்தின் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். அதுவும் நம் லிஃப்ட்தான். கரண்ட் போய் வந்தது. போர்டு முதலிலிருந்து தொடங்கும்போது கதவுக்கு மேலே உள்ள திரையில் ஒரு நொடி பதிப்பு எண் தெரியும். தெரிந்தது. 3.9.

இந்த லிஃப்டுக்கு ஏற்றியவர் லாசரஸ். பதினெட்டு வருஷ சர்வீஸ், ஸ்பேனர் தொலைந்தால்கூடத் தானே வந்து சொல்லும் ஆள். இரண்டு பேருமா பொய் சொல்வார்கள்?

படியேறி ஓடினேன். சோதனை மேஜையில் இருந்த போர்டில் 3.9-ஐ ஏற்றினேன். பென்டிரைவில் 3.10-ஐ வைத்துச் செருகினேன். பச்சை டிக். உள்ளே பார்த்தால் 3.9. மறுபடி செருகினேன். பச்சை டிக். 3.9. ஐந்து தடவை செய்தேன். ஆறாவது தடவைக்குக் கை வரவில்லை.

ஆபீசில் நாங்கள் சோதிக்கும்போது கேபிள் போட்டு நேராக ஏற்றிவிடுவோம். அதில் ஒப்பிடும் வேலையே கிடையாது. பென்டிரைவ் வழியாக யாரும் சோதிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதில் என்ன தப்பு வந்துவிடப்போகிறது என்ற நினைப்பு.

அந்தப் பகுதியைத் திறந்தேன். எட்டே வரி. மேலே என் பெயர், தேதி மார்ச் 2016. பதிப்பு எண்ணைத் தசம எண்ணாக மாற்றி, எது பெரிது என்று கேட்கிறது. 3.9 என்றால் மூன்று புள்ளி ஒன்பது. 3.10 என்றால் மூன்று புள்ளி ஒன்று பூஜ்யம். கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, ஆகவே மூன்று புள்ளி ஒன்று. மூன்று புள்ளி ஒன்பதுதான் பெரிது. ஆகவே பென்டிரைவில் வந்திருப்பது பழசு, ஏற்ற வேண்டாம். இருப்பதே புதியது என்று பச்சை டிக். ஏற்றினாலும் பச்சை, ஏற்றத் தேவையில்லை என்றாலும் பச்சை. டெக்னீஷியன்கள் குழம்பக் கூடாது, ஒரே டிக் போதும் என்று சொன்னதும் நான்தான்.

ஒன்பது வருஷமாக இது மாட்டிக்கொள்ளவில்லை. 1.6 வரை போய் 2.0 ஆனது. 2.7 வரை போய் 3.0 ஆனது. புள்ளிக்குப் பிறகு பத்து வந்தது இதுதான் முதல் தடவை.

சோம்பேறித்தனத்தால் செய்திருந்தால்கூட ஆறிப்போவேன். நான் கெட்டிக்காரத்தனத்தால் செய்தேன். புள்ளிக்கு வலப்பக்கம் பத்து என்ற எண்ணே கிடையாது என்று ஏழு வருஷம் கரும்பலகையில் எழுதியவள். விடைத்தாளில் 3.10 என்று எழுதிய பிள்ளைகளின் கடைசிப் பூஜ்யத்தைச் சிவப்பு மையால் அடித்து அரை மார்க் குறைத்தவள். அதே கைதான் இந்த எட்டு வரியையும் எழுதியிருக்கிறது. பதிப்பு எண் என்பது ஒரு எண்ணே இல்லை. இரண்டு எண்கள், நடுவில் பிரித்துக் காட்ட ஒரு புள்ளி. இடது பக்கத்தை இடதோடு பார்க்க வேண்டும். அது சமம் என்றால் வலதை வலதோடு. ஒன்பதுக்கு அடுத்தது பத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் போட்டார். பச்சை டிக் வந்தது. பார்த்துவிட்டுதான் கையெழுத்துப் போட்டார். நான்தான் — உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கா என்று —

ஜூலை 4, வெள்ளி

தேவானந்தம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். முதல் கேள்வி, "அப்ப நாப்பத்தாறும் 3.9-லயா ஓடுது?"

"ஆமா சார்."

நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கே சரிபண்ணி 3.11 அனுப்பு."

"அனுப்பினாலும் ஏறாது சார். ஒப்பிடுறது ஏற்கெனவே அங்க இருக்கிற போர்டு. அதுக்கு 3.11-ம் 3.9-ஐவிடச் சின்னதுதான்."

மேஜைமேல் விரலால் ஏதோ எழுதிப் பார்த்தார். பிறகு, "4.0?"

"4.0 ஏறும்."

"அப்ப 4.0. ஒரே வாரம், எல்லா இடத்துலயும் போட்டுடலாம். ஜனங்க பத்திரம். அதுதானம்மா முக்கியம்?"

அதுதான் முக்கியம். இன்னொன்றும் புரிந்தது. 4.0 போய்விட்டால் 3.10 ஏறாமல் போன தடயமே எங்கும் இருக்காது. "சிட்டிபாபு?" என்றேன்.

"ஒண்ணொண்ணா பாப்போம். நாப்பத்தாறு இடத்துலயும் ஏறலைன்னு வெளிய தெரிஞ்சா கம்பெனி இருக்காது. முப்பது குடும்பம், கெசியா. உன்னையும் சேத்து."

தலையாட்டினேன். தலையாட்டினேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன், நாளைக்கு மறுக்க முடியாதபடி.

ஜூலை 6, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. எங்கள் வரிசை எழுந்தபோது நான் எழவில்லை. ஆஸ்டின் குனிந்து, "உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். முன்னால் தேவானந்தம் அண்ணன் முழந்தாளிட்டுக் கையேந்தி அப்பத்தை வாங்கிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவராவது எழுந்து போனார்.

ஜூலை 14, திங்கள்

46-க்கு 46. எல்லா இடத்திலும் 4.0. இந்தத் தடவை பச்சை டிக் உண்மை. நேரில் போய் ஒவ்வொரு திரையையும் பார்த்துவிட்டு வந்தேன், படப்பையைத் தவிர. அங்கே போகக் கால் வரவில்லை.

ஜூலை 16, புதன்

சிட்டிபாபு எழுதிக் கொடுத்துவிட்டாராம். 'படப்பை லிஃப்டில் புதிய பதிப்பை ஏற்றாமலே ஏற்றியதாகக் கையொப்பமிட்டேன். என் தவறு. மன்னிக்கவும்.' எழுதிக் கொடுத்தால் கம்பெனி வக்கீலே அவருக்கும் ஆஜராவார் என்று பேசியிருக்கிறார்கள். தேவானந்தம் சார் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார், நான் பார்க்க வேண்டும் என்றே. கையெழுத்துக் குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது போல இருந்தது. 'கையொப்பமிட்டேன்' என்பதெல்லாம் அவர் வார்த்தையா? யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் கோவிலம்பாக்கம் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

சிட்டிபாபு வாசலில் மிக்ஸி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மேடம், உள்ள வாங்க" என்றார். அன்று நான் பேசிய பேச்சுக்குப் பிறகும். அவர் மனைவி தனக்கோடி டீ வைத்துக் கொண்டுவந்தாள்.

"நீங்க அன்னைக்கு..." என்று தொடங்கினேன். அதற்குள் அவரே பேசிவிட்டார்.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன் மேடம். அன்னிக்கு ஆறு எடம் போனேன். படப்பைல டிக்கு வந்தா மாதிரி கீது கண்ல. ஆனா வேற எடத்துல பாத்தத இங்க பாத்ததா நெனச்சிக்கினு இருந்திருப்பேன். நாந்தான் போடல போல. மறந்துட்டு வந்துட்டேன்."

தனக்கோடி கதவருகில் நின்றபடி, "இவரு அப்டித்தான் மேடம். கேஸ மூடாம தூங்குற ஆளு. அந்தம்மா வூட்டுக்காரங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்றாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடமிருந்து வேலையைப் பிடுங்கினோம், பெயரைப் பிடுங்கினோம். கடைசியில் அவர் கண்ணால் பார்த்ததையும் பிடுங்கிவிட்டோம். தன் ஞாபகத்தையே நம்பாத ஆளாக ஆக்கிவிட்டேன்.

சொன்னேனா? இல்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

ஜூலை 21, திங்கள்

நான் கேவலமான பிறவி.

ஜூலை 29, செவ்வாய்

ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் முதல் வார்த்தைக்கே நாக்கு திரும்பவில்லை. என்னவென்று கேட்பேன்? மன்னிப்பா? சிட்டிபாபு எழுதிக் கொடுத்ததைக் காட்டிவிட்டா கேட்பது?

ஆகஸ்ட் 2, சனி

ஆஸ்டினிடம் சொல்லிவிட்டேன். காலையில் காய் நறுக்கும்போது அழுகை வந்துவிட்டது, வெங்காயம் என்று ஏமாற்ற முடியவில்லை. நறுக்கிக்கொண்டிருந்தது பீர்க்கங்காய்.

முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆனா 3.9 தானே பெருசு? போர்டு சரியாத்தானே பண்ணியிருக்கு?" என்றார்.

பேப்பரில் எழுதிக் காட்டினேன். வரிசையாக 3.7, 3.8, 3.9, 3.10. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சரி, புரியுது. ஆனா நீயே சொல்லித்தான் கேட்டிருக்கேனே, புள்ளிக்கு அப்புறம் பத்து கெடையாதுன்னு" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். அதுதான் அதிகமாக வலித்தது.

கடைசியில், "வேலை போகும். போகட்டும். போய்ச் சொல்லிடு கெசி" என்றார். அழுகிய மாம்பழம் வாங்கும் மனிதர்தான். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எட்டு வரியையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். சோதனை போர்டைத் துணிப்பையில் வைத்து எடுத்துப் போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதாவது, 3.10-ஐ மெஷின் சின்னதுன்னு சொல்லுச்சு. அதானேம்மா?"

"ஆமா சார்."

"சின்னதுதானே அது?"

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டைக் கேட்டார், "யோவ், மூணு புள்ளி ஒம்பது பெருசா, மூணு புள்ளி ஒண்ணு சைபர் பெருசா?" ஏட்டு யோசிக்காமல் சொன்னார், "ஒம்பதுதான் சார் பெருசு. ஒண்ணு சைபர்னா வெறும் ஒண்ணுதான்." நல்ல டீச்சரிடம் படித்தவர்.

போர்டை எடுத்துக் காட்டினேன். ஓட்டுவதற்கான பவர் சப்ளையை ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்! கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றேன். "அவனே தப்புன்னு எழுதிக் குடுத்துட்டான். கம்பெனியில இருந்தும் லெட்டர் வந்திருக்கு. நீங்க நல்ல மனசுக்காரங்க, அதுக்காக ஆளைக் காப்பாத்தணும்னு கணக்கை மாத்த முடியுமா? போயிட்டு வாங்கம்மா" என்றார்.

ஒரு கொலைகாரி வந்து ஒப்புக்கொண்டால்கூட நம்புவார்கள். நான் என் தப்பைச் சொன்னால் கணக்குத் தெரியாதவள் ஆகிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஸ்டேஷனிலிருந்து சாருக்குச் செய்தி போயிருக்கிறது. கூப்பிட்டார். கத்தவில்லை. "உன்ன என் தங்கச்சி மாதிரி நெனச்சேன். ஐடி கார்ட வெச்சுட்டுப் போம்மா" என்றார். கழற்றும்போது கயிறு கொண்டையில் மாட்டிக்கொண்டது. அவர்தான் எடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

இனி என்ன? ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் கேட்கவில்லை. சிட்டிபாபுவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். "எனக்காக எதுக்குக்கா இவ்ளோ பேஜாரு, வுட்டுடுங்க" என்றார். என்னை அக்கா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவருக்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்கிறார். கர்த்தாவே, எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

படப்பைக்குப் போனேன். முன்பே போயிருக்க வேண்டிய இடம். ஒரகடம் பஸ், நிற்க இடமில்லை. இன்னும் திருப்பிக் கொடுக்காத சோதனை போர்டும் துணிப்பையில் கூடவே வந்தது. லிஃப்டில் ஏறாமல் மூன்று மாடியும் படியில் ஏறினேன்.

கிளியம்மாள் ஜன்னலோரம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் வாக்கர். அந்த அபார்ட்மெண்ட் நிற்பதே அவர்கள் வயலின்மேல்தான் என்றும், நிலத்தைக் கொடுத்து இரண்டு வீடு வாங்கிக்கொண்டார்கள் என்றும் மருமகள் தீபா சொன்னாள். கீழே உட்கார்ந்து அரிசி புடைக்கக்கூட முடியாதாம் இனிமேல்.

"அந்த லிஃப்டுக்குள்ள இருக்கிற புரோகிராம் நான் எழுதினது. தப்பு என்னோடது. அந்தத் தம்பி மேல தப்பே இல்லை" என்றேன். எப்படி என்று கேட்டார்கள். இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்ற நினைப்போடுதான் சொல்ல ஆரம்பித்தேன். அந்தத் திமிர் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் ஒரு எண் வைப்போம், மூன்று புள்ளி ஒன்பது இருந்தது, அடுத்து மூன்று புள்ளி பத்து அனுப்பினேன், ஆனால் மெஷின் அதை —

"பத்த ஒண்ணுனு படிச்சிடுச்சா?" என்றார்கள்.

"ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எங்க நெலம் எழுபத்திநாலுல பத்தும்மா. சர்வே நெம்பரு. மாமனாரு பாகம் பிரிக்கச் சொல்ல எழுபத்திநாலுல ஒம்பது பெரியவருக்கு, அதுக்கு அடுத்தாப்ல இருந்த பத்து எங்களுக்கு. பட்டால சைபர வுட்டுட்டு எழுபத்திநாலுல ஒண்ணுனு அடிச்சிட்டான் ஆபீசுல. ஒண்ணு ஏரிக்கர பக்கம், வேற ஆளு நெலம். நாலு வருசம் மனு மனுவா குடுத்தோம். ஒரு சைபருதானேம்மான்னு சிரிப்பானுங்க. சைபரு போனா நெலமே போச்சு. எனக்குத் தெரியாதா?"

பத்து நாளாக நான் யாருக்கும் புரியவைக்க முடியாததை அவர்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர்கள் அழவில்லை. அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்தப் புள்ள போட்டிருக்கான். பொய் சொல்லல" என்றார்கள்.

"இல்லைம்மா."

"இத எப்ப கண்டுபுடிச்ச?"

"ஜூலை மூணாம் தேதி."

விரல் விட்டு எண்ணினார்கள். "நாப்பது நாளு. நாப்பது நாளு ஒருத்தன் தலையில இத வெச்சிட்டு சோறு துன்னுக்கினு இருந்திருக்க."

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

"இடுப்பு ஒடஞ்சதுக்குக்கூட ஒன்ன வுட்டுடுவேன். இதுக்கு வுட மாட்டேன். தீபா, ஆட்டோவ வரச் சொல்லு. ஸ்டேசனுக்குப் போணும். நீயும் வா. அந்தப் பொட்டியையும் எடுத்துக்கோ."

படியில் அவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். லிஃப்டில் ஏற மறுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்றைய மீதி. ஏட்டு அதே கணக்கை மறுபடி சொன்னார். கிளியம்மாள் வாக்கரை ஊன்றி நின்றபடி, "ஒன் வூட்டுக் கதவு நெம்பரு பத்துன்னா, தபால்காரன் ஒண்ணுல போட்டுட்டுப் போனா சரிம்பியா?" என்று கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். இந்தத் தடவை பவர் சப்ளையை வழியில் கடையில் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். 3.9 உள்ள போர்டில் 3.10-ஐச் செருகினேன். பச்சை டிக். திரையைப் பார்க்கச் சொன்னேன். 3.9. இன்ஸ்பெக்டர் தானே இரண்டு தடவை செருகிப் பார்த்தார்.

வாக்குமூலத்தில் சிட்டிபாபுவை 'நீ' என்று அதட்டியதையும் எழுதச் சொன்னேன். அது கேசுக்குத் தேவையில்லை என்றார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சிட்டிபாபுவின் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் தேவானந்தம், கெசியா. வக்கீல் எடுத்துவந்த காகிதத்தில் என் பெயரைத் தப்பாக 'கேசியா' என்று அடித்திருந்தார்கள். திருத்தச் சொன்னேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தேவானந்தம் அண்ணன் இப்போது வேறு சர்ச்சுக்குப் போகிறாராம். கம்பெனியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். லாசரஸ் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். இன்று திருவிருந்து. எழுந்து போகவில்லை. கேஸ் முடியட்டும். முடிந்தாலும் போவேனா என்று தெரியவில்லை. கிளியம்மாள் இன்னும் வாக்கரில்தான் நடக்கிறார்கள். டாக்டர் இதுக்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்கிறார்களே, யார் சொன்னது? எதுவும் இறங்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

மதியம் சிட்டிபாபுவின் ஃபோன். கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டும் அவர் போகவில்லை, மேடவாக்கம் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறார் என்று ஏற்கெனவே தெரியும். பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஸ்டேசன்ல பேர எடுத்துட்டாங்க, அதெல்லாம் சரி. அன்னிக்கு படப்பைல... நான் போட்டேன் இல்ல?"

"போட்டீங்க சிட்டிபாபு."

"டிக்கு வந்துச்சு இல்ல?"

"வந்துச்சு. நீங்க பார்த்தீங்க. பார்த்துட்டுதான் கையெழுத்துப் போட்டீங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பக்கத்துல தனக்கோடி கீதுக்கா. ஸ்பீக்கர்ல போடுறேன். இன்னொரு தபா சொல்றீங்களா?" என்றார்.

சொன்னேன்.